கதைக்கக் கூடாது

ஒக்டோபர் 8
கதைக்கக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அது இன்னும் மோசமாம். டொக்டர் சொல்லி முடிக்க, நான் வாயால் "சரி" என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஒக்டோபர் 9
ஏழு பாட்டு முடிந்தது. எட்டாவதுக்கு கைட் வொக்கல் மட்டும் இருக்கிறது. ஜூலையில், சும்மா இடம் பிடித்து வைக்க, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பாடியது. மேல் சுரத்தில் குரல் கிழிகிறது. பின்னால் மீன்காரரின் ஹோர்ன் வேறு.

ஒக்டோபர் 11
இன்றைக்கு முழுக்க தப்பு மேளத்தின் டேக் கேட்டேன். தப்பு அடிக்கிற அண்ணன் (சொந்த அண்ணன் இல்லை) கிளிக், அதுதான் தாளம் காட்டுகிற டிக் சத்தம், போட விடவே இல்லை, "என்னாத்துக்கு புள்ள அந்த டிக்கு டிக்கு, காதுக்குள்ள பூச்சி போன மாதிரி" என்று ஹெட்போனைக் கழற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அடுப்பு, தப்பின் தோலைக் காய்ச்ச. ஹற்றன் பக்கத்து ஈரத்தில் தோல் சும்மா இருக்கவே தொய்ந்துவிடும், ஒரு பாட்டு அடித்து முடிப்பதற்குள் சத்தம் கீழே இறங்கிவிடுகிறது. வேகம் அதற்கு நேரெதிர், நிமிடத்துக்கு 104 அடியில் தொடங்கி 118இல் போய் நிற்கிறது. அவருக்குக் கை சூடேற ஏற வேகமும் ஏறுகிறது, மலையகத்துக் காமன் கூத்துக்கு இரவிரவாக அடித்த கை அது, அதைப் போய் நான் எந்த வாயால் மெதுவாக அடி என்பது. (இப்போது எந்த வாயும் இல்லை.)

ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா அடியும் கிரிட்டில், கணினியின் சமமான தாளக் கட்டங்களில், போய் உட்காரும். அழுத்திப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. யார் அடித்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும். அன்டூ.

ஒக்டோபர் 12
புதுப் பிரச்சினை. தப்புக்குக் கீழே 6/8 தாளத்தில் ஒரு சின்த் பேஸ் போட்டேன், உடனே பைலா, இங்கத்தைய ஆட்டப் பாட்டு, ஆகிவிட்டது. இந்த ஊரில் 6/8 என்றாலே எல்லோருக்கும் இடுப்பு ஆடத் தொடங்கிவிடும், போர்த்துக்கேயர் போட்டுவிட்டுப் போனது இன்னும் போகவில்லை. பைலா மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் 70களில் தமிழ்ப் பொப் பாடல் பாடியபோது அந்த ஆட்டம்தானே பாட்டைக் கலியாண வீடெல்லாம் கொண்டுபோனது. ஆனால் இந்தப் பாட்டுக்கு ஆடக்கூடாது. தோட்டத்துத் துரையிடம் அடி வாங்குகிற பாட்டுக்கு ஏன் ஆடவேண்டும்.

இரண்டாவது அடியில் பேஸை எடுத்துவிட்டால் கொஞ்சம் சரிவருகிறது. கொஞ்சம்தான்.

ஒக்டோபர் 14
பின்னேரம் இடி. எல்லா வயரையும் கழற்றிவிட்டு சும்மா இருந்தேன்.

ஒக்டோபர் 15
பெரியம்மா வந்தார். நான் கொப்பியில் எழுதிக் காட்ட, அவருக்குக் கண்ணாடி இல்லை, அம்மா வாசித்துச் சொன்னார். பிறகு ஸ்பீக்கரில் தப்பு வந்ததும் "ஏன் பிள்ளை செத்த வீட்டு மேளத்தை வீட்டுக்குள்ள போடுறாய்" என்றார். எழுதுவதற்கு என்னிடம் ஒரு பக்கம் இருந்தது. மேளத்துக்கு அல்ல, அதை அடிக்கிறவர் யார் என்பதற்குத்தான் இந்த முகச்சுழிப்பு என்பதும் அதில் இருந்தது. கொப்பியை மூடினேன். வோல்யூமைக் கூட்டினேன்.

ஒக்டோபர் 18
தண்ணீர்ப் போத்தலுக்குள் குழாயை விட்டு ஊதவேண்டுமாம், பயிற்சி. அதை ரெக்கோர்ட் பண்ணி லூப் ஆக்கினேன். மீன் தொட்டி. அழித்தேன்.

ஒக்டோபர் 20
வெடி. ஒழுங்கை முழுக்க வெடி. அதற்குமேல் ரயில். தீபாவளி வாழ்த்துச் சொல்ல வந்த எல்லோருக்கும் தலையாட்டியே கழுத்து நோகிறது.

கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொல்கிறார்கள், கொத்து ரொட்டி அடிக்கிற சத்தத்தைப் போடு, கொழும்பு வந்துவிடும் என்று. போடமாட்டேன். ரயிலும் போடமாட்டேன்.

ஒக்டோபர் 23
வெளியீட்டுக்கான படிவம் நிரப்பினேன். நிரப்பினேன் என்று சொல்ல முடியாது. "இசையமைப்பாளர்" என்ற பெட்டிக்கு வந்ததும் நின்றுவிட்டது. அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. என் பெயரைப் போடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், கிட்டாரும் சின்த்தும் என்னுடையவை, நடுவில் வருகிற நான்கு வரியும் நான் எழுதியவை. ஆனால் பாட்டின் எலும்பு அண்ணனின் அம்மா பாடியது. அவருக்கு அவருடைய அம்மா. பாட்டில் கோப்பி இருக்கிறது, தேயிலை இல்லை. 1869இல் கோப்பி இலையில் நோய் வந்து, 1880களில் மலையில் கோப்பி அழிந்து தேயிலையாகிவிட்டது, அப்படியென்றால் பாட்டுக்கு வயது எத்தனை இருக்கும், அதற்குப் போய் என் பெயரா? மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை இந்தப் பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார், அவரே அவற்றை மக்கள் பாடல்கள் என்றுதான் சொன்னார். சட்டம் தேடிப் படித்தேன், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில் நாட்டார் வெளிப்பாடுகளுக்கு என்று தனிப் பிரிவே இருக்கிறது. படித்த பிறகு இன்னும் குழப்பம். "மரபு" என்று போட்டால் எனக்கு மனம் ஆறும், ஆனால் அண்ணனுக்கு ஒரு சதமும் போகாது.

அவரைக் கேட்கவேண்டும். எப்படிக் கேட்பது. மெசேஜ் போட்டால் பார்க்கமாட்டார்.

ஒக்டோபர் 24
அம்மா எனக்காகக் கோல் எடுத்தார். அண்ணன் சொன்னது: "எம்பேரு எதுக்குங்க, எங்கம்மா பேரப் போடுங்க." அம்மா அழுதுவிட்டார். படிவத்தில் இறந்தவருக்கு எந்தப் பெட்டி என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபர் 26
மிக்ஸ் பண்ணுகிற தம்பி வீடியோவில் வந்தான். அவன் கதைக்க நான் டைப் பண்ணினேன். கைட் வொக்கலை டியூன் பண்ணி அதையே வைப்போம் என்கிறான், "அக்கா, ஒருத்தருக்கும் தெரியாது". எனக்குத் தெரியும். குரலின் சுருதியைத் திருத்துகிற ஓட்டோடியூன் வந்தது 1997இல், அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை அவன், கோணல் இல்லாத குரலைக் கேட்டே வளர்ந்தவன். அவனைக் குறை சொல்லவில்லை. வேண்டாம் என்று டைப் பண்ணினேன். பிறகு, யோசிக்கிறேன் என்று டைப் பண்ணினேன். பணம் முடிந்துகொண்டு வருகிறது.

ஒக்டோபர் 29
ஆங்கிலப் பாடகி பெத் ஓர்ட்டனின் 1996 அல்பத்தைத் திரும்பக் கேட்டேன். சில பாட்டுகளை அன்ட்ரூ வெதரோல் தயாரித்தது. நாட்டார் கிட்டாரையும் நடனக் கூடத்துத் தாளத்தையும் ஒன்றாகப் போட்டதைப் பற்றி அப்போது எல்லோரும் பேசினார்கள், எனக்கு இப்போது பிடிப்பது வேறு. பீட் அந்தக் குரலுக்கு வழிவிட்டு நிற்கிறது. நிறைய இடத்தில் ஒன்றுமே நடக்காது. நம்மவர்கள் ஃபியூஷன் என்றால் தவிலையும் ட்ரம்ஸையும் மேடையில் சண்டைக்கு விடுவார்கள்.

நவம்பர் 2
முடிவெடுத்தேன். கிரிட்டை அண்ணனுக்கு ஏற்ப வளைக்கிறேன். அவருடைய ஒவ்வொரு முதலடியிலும் ஒரு குறி வைத்து, மெசின் அவருக்குப் பின்னால் ஓடட்டும். தோல் தொய்கிற இடத்தில் பேஸின் சுருதியையும் சேர்த்துக் கீழே இறக்குகிறேன். இரவு இரண்டு மணிவரை இதே வேலை. முக்கால் பாட்டு முடிந்தது, பைலா போய்விட்டது!! ஆட நினைக்கிற கால் வேகம் மாறுவதால் தடுமாறுகிறது போல. வாய்விட்டுக் கத்தவேண்டும் போல இருந்தது, மேசையில் தட்டினேன், அம்மா எழும்பி வந்தார்.

நவம்பர் 3
காலையில் கேட்டால் அவ்வளவு இல்லை.

நவம்பர் 6
ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாவிட்டால் அதற்குக் காசே இல்லை, 2024இலிருந்து. அப்படியானால் பெயரைப் பற்றி நான் இப்படி அடித்துக்கொள்வது எந்தக் காசுக்காக. காசுக்காக இல்லை. சரி, கொஞ்சம் காசுக்காகவும்தான். அண்ணனுக்கு முன்கூட்டியே ஒரு தொகையாகக் கொடுத்துவிடலாம் என்று அம்மா சொல்கிறார். அது விலைக்கு வாங்கியது போல் ஆகாதா என்று எழுதிக் காட்டினேன். "அப்ப ஒண்டும் குடுக்காம விடப்போறியோ" என்றார். பதில் இல்லை.

நவம்பர் 8
கனவில் கதைத்தேன். தொண்டை நோவுடன் எழும்பினேன். கனவில் கதைத்தால் கணக்கா?

நவம்பர் 9
கைட் வொக்கலைத் தனியாகக் கேட்டேன், பீட் இல்லாமல். கிழிகிற இடம் கோப்பிக்குப் பிறகு வருகிற அந்த வரி. அந்த மீன்காரர் சரியாக முதலடியில் ஹோர்ன் அடிக்கிறார், அவருக்கு மட்டும் கிளிக் தேவைப்படவில்லை. டியூன் பண்ணாமல் அனுப்பினேன் தம்பிக்கு. "சீரியஸா அக்கா" என்று பதில். இன்னும் விளக்கவில்லை.

நவம்பர் 11
நாளை டொக்டர், நம்பர் 14, சனல் பண்ணி நேரம் எடுத்தாயிற்று. அண்ணனிடமிருந்து காலையிலிருந்து மிஸ்ட் கோல் மேல் மிஸ்ட் கோல். நான் கதைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். வொய்ஸ் அனுப்புங்கள் என்று போட்டேன், பார்க்கவில்லை. அம்மா சந்தைக்குப் போயிருக்கிறார். திரும்பவும் அடிக்கிறது, எடுத்து சும்மா கேட்கப் போகிறேன்