நூறு கஜம்

நவம்பர் 18, 2024, திங்கள்

தலைமையாசிரியர் கூப்பிட்டார். "சார், புகையிலை இல்லாப் பள்ளிக்கு நீங்கதான் பொறுப்பாளர். போர்டுல உங்க பேரையும் போன் நம்பரையும் எழுதணும்." பக்கத்தில் நின்ற பி.இ.டி. சார் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். பதினேழு வருஷமாக நாளுக்கு எட்டு, பத்து சிகரெட் பிடிக்கிறவன் நான். பள்ளிக்குள் ஒருநாளும் பிடித்ததில்லை. மத்தியானம் மணி அடித்ததும் கீழே வளைவு டீக்கடைக்கு இறங்கிவிடுவேன்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுக்க என்ன காரணம் சொல்வது?

நவம்பர் 20, புதன்

பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாது. 2003ஆம் வருஷத்துச் சட்டம். நூறு கஜம் என்றால் முந்நூறு அடி, 91 மீட்டர் சொச்சம். அந்த எல்லையில் மஞ்சள் கோடு போட வேண்டும். நீளம் தாண்டுதலுக்கு வைத்திருக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

ரோட்டு வழியே அளந்தால் வளைவு டீக்கடை 140 மீட்டர். கடைக்கார அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் விதி ரோட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. சுற்றுச்சுவரிலிருந்து நாலா பக்கமும் நேராக அளக்கச் சொல்கிறது. மலையில் இதுதான் வம்பு. காபிச் செடிகளுக்கு நடுவே இறங்கும் படிக்கட்டில் டேப்பை விட்டோம். ஒன்பதாம் வகுப்புப் பையன் கீழே இருந்து கத்தினான்: "சார், நாப்பத்திரண்டு!"

"வாத்தியாரே, நீங்களே தினம் என்கிட்டதான வாங்குறீங்க" என்றார் அண்ணன். கோபம்கூட இல்லை. "பீடியில எனக்கு என்ன பெருசா நிக்குது? பீடிக்கு வர்றவன்தான் டீ குடிப்பான், வடை திம்பான். பழம் பறிக்கிற சீசன் வேற."

டேப்பைச் சுருட்டும்போது ஒரு பொடியன் ஓடிவந்து ஒரு கட்டு பீடி கேட்டான். அப்பாவுக்காம். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

அந்தப் பொடியன் மனசை விட்டுப் போகவில்லை. தாத்தாவுக்கு நானும் அப்படித்தான் வாங்கிவருவேன். அடுப்புக் கொள்ளியில் பற்றவைத்து, திண்ணை வரை போவதற்குள் அணைந்துவிடாமல் இருக்க ஓர் இழுப்பு. ஒன்பது வயது எனக்கு. வீட்டில் யாரும் தப்பாக நினைக்கவில்லை, "சமத்து" என்றார்கள்.

சிகரெட் பெட்டியில் முக்கால்வாசிக்கு மேல் எச்சரிக்கைப் படமும் எழுத்தும்தான். அந்த எழுத்தில் ஒரு நம்பர், புகையிலையை விட உதவி கேட்க, 1800-11-2356. இத்தனை வருஷம் கண்ணில் பட்டும் படித்ததில்லை. இன்று கூப்பிட்டேன். காசு இல்லை. தமிழில் பேசினார்கள். உபதேசம் எதுவும் வரவில்லை. எழுந்ததும் எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட் என்று கேட்டார் அந்தப் பெண். காபி ஆறுவதற்குள் என்றேன். விடும் தேதி ஒன்று குறிக்கச் சொன்னார். டிசம்பர் 1.

நவம்பர் 29, வெள்ளி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். புற்றுநோய்ப் படங்கள் காட்ட வேண்டும், ஊர்வலம் போக வேண்டும் என்றார்கள். ஊர்வலம் முடிந்ததும் எல்லாரும் எங்கே போய் நிற்போம் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: பிள்ளைகளைப் பீடி வாங்க அனுப்பாதீர்கள். பதினெட்டு வயசுக்குக் கீழே யாருக்கும் விற்கக் கூடாது, அப்பாவுக்கு என்று சொன்னாலும்தான்.

ஆண்கள் தலையாட்டினார்கள். சத்துணவு அம்மா மட்டும் எழுந்தார். "சார், பொயிலையும் சேர்த்தியா?" வாயில் அதக்கியிருந்தார். "அட்டை கடிக்காம இருக்கக் காலுக்குத் தேய்ச்சோம், அப்படியே வாய்க்கு வந்துடுச்சு. நான் என்ன புகையா விடுறேன்?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்களைப் பற்றி எங்கள் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

முதல் நாள். ஒன்றும் இல்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

ஒன்றும் இல்லை என்று எழுதியது யார்? மூன்றாம் நாள் இன்று. ஏழாம் வகுப்பில் எதற்கோ கத்தினேன், பிறகு வெட்கமாக இருந்தது. வத்தலக்குண்டு மருந்துக்கடையில் நிக்கோடின் சூயிங்கம் வாங்கிவந்திருந்தேன். சும்மா மெல்லக் கூடாது. நாலு மெல்லு, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கு. சத்துணவு அம்மா மாதிரியேதான்! அதற்குக் கால் மணி நேரம் முன்னால் காபி குடிக்கக் கூடாதாம், மருந்து சரியாக ஏறாதாம். காபித் தோட்டத்துக்கு நடுவில் வாழ்கிறவனிடம் சொல்கிறார்கள்.

போதாததற்கு ராத்திரி தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு. மறுபடி அந்த நம்பர். புகை பிடிக்கிறவர் உடம்பு காபியைச் சீக்கிரம் கரைத்துவிடுமாம். நிறுத்தியதும் அதே காபி இரண்டு பங்காக வேலை செய்கிறது. பாதியாகக் குறைத்தேன்.

டிசம்பர் 5, வியாழன்

தோற்றேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது தெரிந்தவர் நீட்டினார், வாங்கிவிட்டேன். பாதியில் எறிந்தேன். ஆசை வந்தால் நாலைந்து நிமிஷம் தாக்குப்பிடித்தால் போதும், தணிந்துவிடும். நீட்டுகிற கையைத் தாக்குப்பிடிப்பதுதான் கஷ்டம்.

டிசம்பர் 9, திங்கள்

வளைவுக் கடை அண்ணன் பீடி, சிகரெட்டை மச்சான் கடைக்கு மாற்றிவிட்டார். மேலே, மஞ்சள் கோட்டைத் தாண்டி இருபதடியில். சட்டப்படி சரிதான்! ஆனால் மச்சானும் பிள்ளைகளுக்குத் தருவதில்லை.

சாயங்காலம் தூறலில் பள்ளி வாசலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு நின்றேன். கைக்கு ஒரு வேலை வேண்டுமே. அந்தப் பொடியனின் அப்பா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறிவந்தார். "உங்களாலதான் சார், இந்த மழையில நானே ஏற வேண்டியிருக்கு. நேத்து சோம்பல்ல போகவே இல்ல." பழக்கத்தில் ஒரு பீடியை உருவி என் பக்கம் நீட்டினார். என் பெயர் எழுதிய போர்டு தலைக்கு மேலே இருந்தது, பெயிண்ட் காயாமல்.

ஆரஞ்சில் பாதியைக் கொடுத்தேன். பீடியைக் காதில் செருகிக்கொண்டு தின்றார். புளிக்கிறது என்றார்.