கார்லோஸ் கிளைபர் விட்டுச்சென்ற ஒலிகள்

சிம்பொனி இசைக்குழுவின் ஒலிப்பதிவில் ஓர் ஒலியும் எழுப்பாத ஒரே மனிதர், கையசைத்து அதை வழிநடத்தும் நடத்துநர்தான். ஆனால் உறையில் அவர் பெயரே பெரிதாக அச்சாகியிருக்கும். (நடத்துநர் என்றதும் தமிழ்க் காதுக்கு முதலில் விசில் சத்தம் கேட்டுவிடுகிறது, அதற்கு நான் பொறுப்பல்ல.) வாழ்நாளில் அவரை நேரில் பார்த்தவர்களுக்குக் கையசைவும் முகபாவமும் நினைவில் நிற்கும். இசைத்தட்டு மட்டுமே வாய்த்த என்னைப் போன்றவர்கள் அவரை எதில் கேட்பது? கார்லோஸ் கிளைபரின் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதில்தான் இந்தக் கேள்விக்கு எனக்கு ஓரளவு விடை கிடைத்தது.

1930-இல் பெர்லினில் பிறந்த கிளைபர், 2004 ஜூலை 13 அன்று சுலோவேனியாவில் காலமானார். அடக்கம் முடிந்த பிறகே செய்தி வெளியுலகுக்கு எட்டியது. பேட்டி என்றாலே ஒதுங்கிப்போனவரின் மறைவும் அப்படியே அமைந்தது. அவருடைய தந்தை எரிக் கிளைபரும் பெரும்புகழ் பெற்ற நடத்துநர். நாஜிகளின் கலைக் கெடுபிடி பொறுக்காமல் 1934-இல் பெர்லின் அரசு ஓபராவின் (இசைநாடக அரங்கின்) பொறுப்பைத் துறந்தவர். குடும்பம் அர்ஜென்டினாவுக்குப் போனதில்தான் கார்ல், கார்லோஸ் ஆனார். சூரிச்சில் வேதியியல் படிக்கப் போய், விரைவிலேயே இசைக்குத் திரும்பினார். ஸ்டூடியோவில் அவர் பதிவுசெய்தவற்றை எண்ணிவிடலாம்: முழு ஓபராக்கள் நான்கு, பியானோ கலைஞர் ரிக்டருடன் டுவோர்ஷாக்கின் பியானோ கான்செர்ட்டோ (தனிப் பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) ஒன்று, வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் சிம்பொனிகள் ஐந்து.

அந்த ஐந்தில் முதலாவது, 1974-இல் பதிவான பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி. உலகமே அறிந்த அந்த நான்கு ஸ்வரங்களுக்கு முன்னால், இசைத்தாளில் ஒரு சிறு மௌனம் எழுதப்பட்டிருக்கிறது. படைப்பு தொடங்குவதே அந்த மௌனத்தில்தான். அதை வாசிக்க எந்தக் கருவியும் இல்லை, நடத்துநரின் கை மட்டுமே உண்டு. கிளைபரின் பதிவில் அந்த மௌனம் எனக்கு ஏறக்குறையக் கேட்கிறது என்றால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் மூன்று குறுகிய ஸ்வரங்களும் இறுகக் கட்டிய ஒரே முடிச்சாக வந்து விழும்போது, அதற்கு முன் எவ்வளவு மூச்சு அடக்கப்பட்டிருந்தது என்பது புரிந்துவிடுகிறது. அதே இயக்கத்தின் (சிம்பொனியின் பெரும்பகுதி ஒவ்வொன்றும் ஓர் இயக்கம்) பிற்பகுதியில் குழு முழுவதும் சட்டென நிற்க, ஓபோ என்னும் குழல்கருவி மட்டும் தனியாக ஒரு சிறு வரியை இழைக்கும் இடம் வருகிறது. அவ்வளவு வேகத்தில் ஓடிவந்தவர் அங்கே அந்தக் கலைஞரை அவசரப்படுத்துவதில்லை. ஒதுங்கி நின்று வழிவிடுகிறார்.

அவருடைய ஒத்திகைகள் ஒரு தனி உலகம். 1970-இல் ஸ்டுட்கார்ட் வானொலிக் குழுவுடன் அவர் நடத்திய ஒத்திகை படமாக்கப்பட்டிருக்கிறது. அதில் பாடிக்காட்டுகிறார், உவமை சொல்கிறார், கெஞ்சுகிறார். இந்தப் பிடிவாதம் 1982 டிசம்பரில் வியன்னாவில் முறிவில் முடிந்தது. பீத்தோவனின் நான்காவது சிம்பொனியில் இரண்டாம் இயக்கத்தைத் தொடங்கிவைக்கும் தாளவடிவை இரண்டாம் வயலின்கள் ‘தெரேசே’ என்னும் பெயரைச் சொல்வதுபோல் வாசிக்க வேண்டும் என்று அவர் கேட்டார். அவர்கள் வாசித்தது அவர் காதில் ‘மரீ’ என்றே விழுந்தது. ஒத்திகையை அப்படியே விட்டு வெளியேறிவிட்டார். ஒரு பெயருக்காகவா இத்தனை கோபம் என்று முதலில் படித்தபோது சிரித்தேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்த நாம் சிரித்திருக்கக் கூடாது. ஓர் அசை தடம் மாறினால் சீரே மாறிப்போகும் என்பது நமக்குத் தெரிந்த கணக்குத்தான். அதே ஆண்டு மே மாதம் மியூனிக்கில் பவேரிய அரசு இசைக்குழுவுடன் அவர் நடத்திய நான்காவது சிம்பொனியின் நேரடிப் பதிவு இருக்கிறது. அதில் இரண்டாம் இயக்கத்தின் முதல் விநாடிகளை, தெரேசேயைத் தேடியே இப்போதெல்லாம் கேட்கிறேன்.

எல்லாவற்றையும் நான் ஒரே அளவில் கொண்டாடுவதில்லை. 1980-இல் பதிவான பிராம்ஸின் நான்காவது சிம்பொனி டிஜிட்டல் முறையின் தொடக்கக் காலத்தைச் சேர்ந்தது. வயலின்களின் ஒலி என் காதுக்குச் சற்று உலர்ந்தே இருக்கிறது. ஆயினும் இறுதி இயக்கத்தில் எட்டுத் தாளக்கட்டங்கள் கொண்ட ஒரே அடிப்படை திரும்பத் திரும்ப உருமாறிவர, நடுவே புல்லாங்குழல் தனித்து ஒலிக்கும்போது, அந்தக் குறையெல்லாம் மறந்துவிடுகிறது. வாக்னரின் ‘டிரிஸ்டன்’ ஓபராப் பதிவில் வேலை முடியுமுன்பே அவர் வெளியேறிவிட, பதிவாகியிருந்த நாடாக்களைக் கொண்டே நிறுவனம் அதை நிறைவுசெய்தது. எனக்கு ஒட்டு எதுவும் தெரியவில்லை.

தந்தையின் நிழலைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். அந்த நிழல் ஒலியாகவே கேட்கும் இடம் ஒன்று உண்டு. பீத்தோவனின் ஏழாவது சிம்பொனியில் இரண்டாம் இயக்கம் முடியும்போது, மெட்டு துண்டு துண்டாகிக் கருவிக்குக் கருவி கைமாறுகிறது. கடைசித் தாளக்கட்டங்களில் வயலின்கள் வில்லால் இழைக்க வேண்டும் என்பது அச்சிட்ட இசைத்தாளின் குறிப்பு. எரிக் கிளைபர் அதை ஏற்காமல் தந்திகளை விரலால் சுண்டவே செய்தார். மகனும் அப்படியே. எத்தனையோ விஷயங்களில் தந்தையிடமிருந்து விலகி நிற்க முயன்றவர் இந்த நான்கைந்து சுண்டல்களை மட்டும் மாற்றவில்லை. முதல் வயலின்களை இடப்புறமும் இரண்டாம் வயலின்களை வலப்புறமும் அமர்த்துவது அவர் வழக்கம். ஆகவே ஹெட்ஃபோனில் கேட்டால் அந்தச் சுண்டல்கள் ஒரு காதிலிருந்து மறுகாதுக்கு நடந்துபோவது தெரியும். அதன் பிறகு, காற்றுக்கருவிகளில் பல ஸ்வரங்கள் சேர்ந்து எழும் அந்த ஒற்றை நெடும் ஒலி அடங்குகிறது. மூன்றாம் இயக்கம் உடனே பாய்ந்து வந்துவிடும் என்பதால், பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறேன்.