பச்சையாம்

என் உயரம் நாலே முக்கால் அடி. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கள்ளழகர் வைகையில் இறங்குவதை இருபது வருடத்துக்கு மேலாகப் போய்ப் பார்த்து வருகிறேன் என்று நான் சொன்னால் அது பாதி பொய். போவது உண்மை. பார்ப்பது என்றால் முன்னால் நிற்பவரின் முதுகு, அவர் தோளில் கிடக்கும் துண்டு, துண்டுக்கு மேலே கொஞ்சம் வானம். அழகரை ஆற்றுக்குள் முழுசாகப் பார்த்தது ஒரே ஒரு வருடம்தான். அதுவும் காய்ச்சலில் படுத்துக்கொண்டு டிவியில்.

நான் கோயம்புத்தூர்ப் பெண். 2003இல் கல்யாணமாகி மதுரைக்கு வந்தேன். கூட்டம் என்றாலே தலை சுற்றும் எனக்கு. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் தீபாவளி நேரத்தில் நின்றால்கூட மூச்சு முட்டும். அப்படிப்பட்டவளைக் கல்யாணமான அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பி, தலைக்குக் குளிக்கச் சொல்லி, கோரிப்பாளையத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இத்தனை பேர் ஒரே திசையைப் பார்த்து நிற்பதை நான் அதுவரை கண்டதில்லை. "இவங்க எல்லாரும் எங்க பார்க்கிறாங்க?" என்று அத்தையைக் கேட்டேன். "தல்லாகுளத்துப் பக்கம். அங்கேருந்துதான் வருவாரு" என்றார். எனக்கு அந்தப் பக்கம் ஒரு வாழைப்பழ வியாபாரியின் கூடைதான் தெரிந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அழகர்கோவில் மதுரையிலிருந்து சுமார் 21 கிலோமீட்டர். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு அழகர் அங்கிருந்து கிளம்பி வருகிறார். வழியெல்லாம் மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்று வருவதால் நேரமாகிவிடுகிறது. ஆற்றுக்குள் இறங்கும்போது கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிந்து, கோபித்துக்கொண்டு வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். இது ஊர் சொல்லும் கதை. சாபத்தால் தவளையாகிவிட்ட மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்கத்தான் அவர் வருகிறார் என்பது கோயில் சொல்லும் கதை. ஒருகாலத்தில் தேனூரில் இறங்கிக்கொண்டிருந்தவரை மதுரைக்குக் கொண்டுவந்து மீனாட்சி கல்யாணம், அழகர் இறங்குவது என்ற இரண்டு திருவிழாவையும் ஒன்றாகச் சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். எங்கள் அத்தைக்கு ஊர்க் கதைதான் பிடிக்கும். வீட்டு விசேஷத்துக்கு யாராவது பந்தி முடிந்து வந்தால், "வாங்க அழகரே" என்பார்.

சரி, பட்டுக்கு வருகிறேன். தல்லாகுளம் பெருமாள் கோயிலில் ஆண்டாளின் மாலையைச் சூடிக்கொண்டு தங்கக் குதிரையில் ஏறும் அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதுதான் அன்றைக்கு ஊரின் ஒரே கேள்வி. பச்சை என்றால் மழை, விளைச்சல். சிவப்பு என்றால் வயசானவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். பெட்டிக்குள் கையை விட்டு, கைக்கு அகப்பட்டதை எடுப்பார்கள் என்று சொல்வதுண்டு.

அந்த முதல் வருடம், இருட்டு இன்னும் பிரியவில்லை. தூரத்தில் எங்கேயோ ஒரு சத்தம் கிளம்பியது. கொஞ்சம் பக்கத்தில் இன்னொரு சத்தம். எனக்கு முன்னால் பத்து வரிசைக்கு அப்பால் தலைகள் திரும்பின. அப்புறம் ஐந்தாவது வரிசை. வாழைப்பழக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, முன்பின் தெரியாத என்னிடம், பல்லெல்லாம் தெரிய, "பச்சையாம்!" என்றார். நானும் என்னையறியாமல் திரும்பி, பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணிடம் "பச்சையாம்" என்றேன். அவள் அவளுக்குப் பின்னால் சொன்னாள்.

எங்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரு 'ஆம்' ஒட்டித்தான் சொன்னோம். ஆனால் என் உடம்பு சிலிர்த்தது நிஜம். வங்கியில் கணக்குப் பார்க்கிற வேலை எனக்கு. கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதத்தை நம்பமாட்டேன். கூட்டத்துக்குள் போய் நின்றுவிட்டால் முன்னால் இருக்கிறவர் முகம்தான் கையெழுத்து. வேறு வழியில்லை.

எங்கள் மாமா, அதாவது மாமனார், வருடாவருடம் அன்றைக்கு நீர்மோர் ஊற்றுவார். பந்தல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, இரண்டு அண்டா, மேலே ஒரு தார்ப்பாய். 25 லிட்டர் தயிர் முந்தின நாளே வந்துவிடும். இரவில் அத்தையும் நானும் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தட்டி வைப்போம். காலையில் தயிரைக் கடைந்து, தண்ணீரும் ஐஸும் சேர்த்து, கல் உப்பு, பெருங்காயம், கொத்தமல்லி. தண்ணியாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். வெயிலில் நிற்கிறவனுக்குக் கெட்டி மோர் தாகத்தை அடக்காது என்பது மாமாவின் கட்சி. எல்லாம் சேர்த்து எழுநூறு டம்ளர் தேறும். லட்சக்கணக்கில் வருகிற கூட்டத்துக்கு எழுநூறு டம்ளர்! முதல் வருடம் கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மாமா, "நம்ம மேசைக்கு முன்னாடி லட்சம் பேர் நிக்க முடியாதும்மா" என்றார். உண்மைதான். எங்கள் மேசையிலிருந்து பார்த்தாலே எதிரில் பானகம், நாலு கடை தள்ளி தக்காளி சாதப் பொட்டலம், பாலத்துப் பக்கம் விசிறி கொடுக்கிறவர்கள், தர்பூசணிக் கீற்று கொடுக்கிறவர்கள். அடுத்தவன் என்ன கொடுக்கிறான் என்று எட்டிப் பார்த்து, கொஞ்சம் பொறாமைப்படுவதும் உண்டு. ஒரு வருடம் எதிர்ப்பந்தலில் ரோஸ்மில்க் கொடுத்து எங்கள் கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் நின்றபோதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. மேசைக்கு முன்னால் வந்து குடிக்கிறவர்கள் குறைவு. டம்ளர் வாங்குகிறவர் தான் குடிக்காமல் பின்னால் நீட்டிவிடுவார். பின்னால் இருப்பவரும் நீட்டுவார். ஐந்தாறு கை தாண்டி, சுவரோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவிக்குப் போய்ச் சேரும். போகிற வழியில் ஒரு வாய் யாரும் குடிக்கமாட்டார்கள். கொஞ்சம் சிந்தும், அவ்வளவுதான். காலி டம்ளர் அதே கைகளில் திரும்பி வரும். அப்போதெல்லாம் எவர்சில்வர் டம்ளர். வருடம் முடிந்து எண்ணினால் நாலைந்து குறையும், ஒரு வருடம் இரண்டு கூடுதலாக இருந்தது! யாருடையதோ. இப்போது பேப்பர் கப். வசதிதான், ஆனால் திரும்பி வருவதில்லை.

கருப்பசாமி வேடம் போட்டு, தோல்பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு அழகர் மேல் பீய்ச்ச வருகிற கிராமத்து ஆட்கள் மோர் குடித்துவிட்டுப் பதிலுக்கு நம் மேலும் ஒரு பீய்ச்சு பீய்ச்சிவிட்டுப் போவார்கள். முதல் முறை எனக்குக் கோபம் வந்தது, புதுப்புடவை. ஏழு மணி வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு, "அண்ணே, இங்கயும் கொஞ்சம்" என்று நானே கூப்பிட்டேன்.

ஒரு முறை ஐஸ் கரைந்து, மோர் வெந்நீர் மாதிரி ஆகிவிட்டது. மாமா யாரிடமும் எதுவும் கேட்கிறவர் இல்லை. வரிசையில் நின்ற ஒரு கல்லூரிப் பையன் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி, "ஐஸ் வேணுமாம்" என்றான். அந்த 'ஐஸ் வேணுமாம்' எங்கள் கண்ணுக்குத் தெரியாத தூரம் வரைக்கும் போயிற்று. கால் மணி நேரத்தில் சாக்கில் சுற்றிய ஒரு ஐஸ் பார் தலைகளுக்கு மேலே மிதந்து வந்தது. கோரிப்பாளையம் தர்கா பக்கத்தில் ஜிகர்தண்டா விற்கும் பாய் ஒருவர் கொடுத்தனுப்பினாராம். அதுவும் 'ஆம்'தான். மாலையில் மாமா காசு கொடுக்கப் போனபோது, எந்தக் கடை என்று கடைசிவரை தெரியவில்லை. இரண்டு கடைக்காரர்கள் "நான் இல்ல" என்றார்கள். மாமாவுக்கு அது ஒரு குறையாகவே இருந்தது.

இதையெல்லாம் எழுதிவிட்டு 2022ஐ எழுதாமல் விட்டால் சரியாகாது.

கொரோனாவால் 2020இலும் 2021இலும் அழகர் ஊருக்குள் வரவில்லை. 2022 ஏப்ரல் 16 அன்று, மூன்று வருடத்துக்கும் சேர்த்து வந்த மாதிரி ஜனம். நான் வழக்கமான இடத்துக்கே போக முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கால் தரையில் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. கை இரண்டும் விலாவோடு ஒட்டிவிட்டன. முன்னால் தலைகள் திரும்பின. பச்சையாம் என்று வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். வந்தது, "யாரோ விழுந்துட்டாங்களாம்."

அதே வழிதான். அதே வேகம்தான். என் முன்னால் நின்றவர் முகத்தில் பார்த்த பயம் என் முகத்துக்கு வந்ததையும், அதைத் திரும்பிப் பார்த்து ஒரு சின்னப் பையன் அழ ஆரம்பித்ததையும் நான் அறிவேன். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்திருக்கலாம். இடது பக்கம் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், இரண்டு உள்ளங்கையையும் தலைக்கு மேல் தூக்கி, "தள்ளாதீங்க, நில்லுங்க, பின்னாடி சொல்லுங்க" என்று திரும்பத் திரும்ப ஒரே குரலில் சொன்னாள். நாங்கள் பின்னால் சொன்னோம். எங்கள் மூலையில் நெரிசல் கொஞ்சம் தளர்ந்தது. அவள் சொன்னதாலா, தானாகவா, தெரியாது. அன்றைக்கு நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அவர்களும் எங்களைப் போல விடியுமுன் தலைக்குக் குளித்துவிட்டு வந்தவர்கள்தான்.

அடுத்த வருடம் நான் போகவில்லை. மாமாவும் அத்தையும் மேசை போட்டார்கள். நான் வீட்டில் இருந்து கறிவேப்பிலை மட்டும் உருவிக் கொடுத்தேன்.

அதற்கடுத்த வருடம் மாமாவுக்கு முழங்கால் சரியில்லை, அண்டாவைத் தூக்க ஆள் வேண்டும் என்று அத்தை சொன்னார். போனேன். என் மகன் என்னைவிட ஒன்றரை அடி உயரம் இப்போது. அவனைக் கூட்டிப்போனால் என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்வான் என்று நம்பினேன். அவன் போனை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். கேட்டால், "அப்புறம் காட்றேம்மா" என்றான்.

என் பக்கத்தில் ஒரு பாட்டி. மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவராம். கையில் சர்க்கரை நிரப்பிய பித்தளைச் செம்பு, வாயை வாழை இலையால் மூடி, மேலே சூடம் வைத்திருந்தார். என்னைவிடக் குள்ளம். கூட்டத்தில் எனக்கு அபூர்வமாகக் கிடைக்கிற சந்தோஷம் அது.

"ஆத்தா, என்ன பட்டுன்னு தெரிஞ்சுதா?" என்றார்.

எனக்குத் தெரியும். விடியுமுன்பே குடும்ப வாட்ஸப்பில் படம் வந்துவிட்டது. வாய் வரைக்கும் வந்தது. "இன்னும் தெரியல பாட்டி, முன்னாடியிருந்து வரும்" என்று சொல்லிவிட்டேன்.

கால் மணி ஆனது. "கோவிந்தா" சத்தம் எழுந்தது. முன்னால் இருந்த ஒரு ஆட்டோ டிரைவர், காக்கிச் சட்டை, வேர்த்துக் கொட்டுகிறது, எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

நான் பாட்டி பக்கம் குனிந்து, "பச்சையாம்" என்றேன்.

பாட்டி சூடத்தை ஏற்றச் சொன்னார். காற்றில் மூன்று தீக்குச்சி வீணாயிற்று. நாலாவதுக்கு ஆட்டோக்காரர் கை இரண்டையும் குவித்து மறைத்துக்கொண்டார்.