27 ஆண்டுகள் காத்திருந்து கைக்கு வந்த இரண்டு இருக்கைக் கார்

எனக்கு 14 வயதாக இருந்தபோது, மாலை மங்கும் நேரத்தில், ஒரு சிவப்பு நிறச் சிறிய கார் என்னைக் கடந்து சென்றது. கூரை மடக்கப்பட்டிருந்தது. ஓட்டியவர் விளக்கைப் போட்டதும், மூடியிருந்த பானட்டின் இரு ஓரங்களிலிருந்தும் இரண்டு விளக்குகள் மேலெழுந்து நின்றன. அது ஜப்பானிய நிறுவனமான மாஸ்டாவின் எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை என்பதைப் பல மாதங்கள் கழித்து ஒரு பத்திரிகைப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதன் சாவி என் கைக்கு வந்தபோது எனக்கு வயது 41. இடைப்பட்ட காலத்தில் படிப்பு, வேலை, குடும்பப் பொறுப்புகள் என எல்லாமே அந்தக் காருக்கு முன்னால் வரிசையில் நின்றன. அது சரியான வரிசைதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இத்தனை ஆண்டுகளில் இதைவிட வேகமான, விலை உயர்ந்த கார்கள் எத்தனையோ வந்தபோதும் என் ஆசை ஏன் மாறவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1979-இல் பாப் ஹால் என்ற கார் பத்திரிகையாளர், மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், எடை குறைந்த, கூரை திறக்கக்கூடிய, எளிய ஸ்போர்ட்ஸ் காரை யாராவது மீண்டும் செய்ய வேண்டும் என்று பேசினார். ஹால் பின்னர் அந்த நிறுவனத்திலேயே சேர்ந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1989 பிப்ரவரியில், சிகாகோ கார் கண்காட்சியில் அந்தக் கார் வெளியே வந்தது. திட்டத்திற்குத் தலைமை தாங்கிய தொஷிஹிகோ ஹிராய், குதிரையும் அதன்மேல் இருப்பவரும் ஓருடலாக இயங்கும் நிலையைக் குறிக்கும் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியச் சொல்லைத் தம் குழுவுக்கு இலக்காக வைத்தார். 1.6 லிட்டர் இன்ஜின் சுமார் 115 குதிரைத்திறனைத்தான் தந்தது. ஆனால் காரின் எடை ஜப்பானில் விற்ற வடிவத்தில் 940 கிலோ மட்டுமே. பானட் அலுமினியம். நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் அமைப்பு. கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டம் நேரடியாக இணைக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இடையில் எதுவும் முறுக்கிக்கொண்டு தாமதிக்காமல் பின்சக்கரங்கள் உடனே பதில் சொல்வதற்கு அந்தச் சட்டமே காரணம். எடையைக் குறைத்தால் இன்ஜின், பிரேக், டயர் ஆகிய எல்லாவற்றின் சுமையும் சேர்ந்தே குறைகிறது என்பதற்கு இந்தக் காரைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எந்தத் தலைமுறையை வாங்குவது என்பதில் நண்பர்கள் பல யோசனைகள் சொன்னார்கள். 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் விளக்குகள் மேலெழாது, ஆனால் பின்கண்ணாடி உண்மையான கண்ணாடியாக இருக்கும். 2005-இல் வந்த மூன்றாவது சற்றுப் பெரியது. 2015-இல் வந்த நான்காவது மீண்டும் 1,000 கிலோ அளவுக்கு எடையைக் குறைத்துக் காட்டியது. புத்தியோடு வாங்குபவர் அதைத்தான் வாங்குவார். நான் 14 வயதில் பார்த்ததையே தேடினேன். ஒரு நல்ல செய்தி, 2016-இல் இந்தக் காரின் உற்பத்தி பத்து லட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு பேர் வைத்திருக்கும் காருக்கு உதிரிபாகங்களும், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் இன்னும் கிடைக்கிறார்கள்.

தேடத் தொடங்கும் முன் ஒரு முடிவு எடுத்தேன். முதலில் பார்க்கும் காரை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்கக் கூடாது. இந்த முடிவுதான் என்னைக் காப்பாற்றியது. ஏனென்றால் முதலில் பார்த்த கார் மிகவும் அழகாக இருந்தது.

சிவப்பு நிறம், புதிதாகப் பூசிய பெயிண்ட், மெருகேற்றிய சக்கரங்கள். விற்பவர் கூரையை மடக்கி, வெயிலில் நிறுத்தி, விளக்குகளை மேலே தூக்கி வைத்திருந்தார். அருகில் போனதும் என் உள்ளங்கை வியர்த்தது. என்னோடு வந்திருந்த மெக்கானிக், 30 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவர், காரின் அழகைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மெல்லிய துணி சுற்றிய ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். "பானட்ல ஒட்டாது தம்பி, அது அலுமினியம். இங்க ஒட்டணும்" என்று சொல்லி, கதவுக்குக் கீழே, பின்சக்கரத்திற்குச் சற்று முன்னால் உள்ள அடிப்பட்டியில் அதை வைத்தார். காந்தம் வழுக்கிக் கீழே விழுந்தது. அரை அடி முன்னால் வைத்தார், பிடித்தது. மீண்டும் பின்னால் கொண்டுவந்தார், விழுந்தது. அந்த அரை அடி நீளத்திற்கு இரும்பே இல்லை. துரு தின்ற இடத்தைப் பட்டி பூசி நிரப்பி, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

இந்தக் காரில் துரு அந்த இடத்தில் வருவதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. துணிக் கூரையின் பின்பகுதியில் விழும் மழைநீரை உள்ளே இருக்கும் ஒரு வடிகால் பட்டை பிடித்து, இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள துளைகள் வழியாகக் குழாயில் இறக்கி, பின்சக்கரங்களுக்கு முன்னால் தரையில் விடுகிறது. காய்ந்த இலையும் தூசியும் அந்தத் துளையை அடைத்தால் நீர் தேங்கி, வழிந்து, அடிப்பட்டியின் உட்புறத்திற்குள் போய்விடுகிறது. அங்கே இரும்பு உள்ளிருந்து வெளியே அரிக்கப்படுவதால், பெயிண்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். அடிப்பட்டி காரின் உறுதியைத் தாங்கும் பாகம். இரும்பு மேற்கூரை இல்லாத காரில் அதன் பொறுப்பு இன்னும் அதிகம். அன்று நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினோம். வரும் வழியெல்லாம் எனக்குப் பேச்சு வரவில்லை.

இரண்டாவது கார் வெள்ளை. துரு இல்லை, காந்தம் எல்லா இடத்திலும் பிடித்தது. ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது மெக்கானிக் டார்ச் விளக்கை முன்பக்கம் காட்டி, கீழே இருந்த கிராங்க் புல்லியை என்னைப் பார்க்கச் சொன்னார். அது நேராகச் சுழலாமல் லேசாக அசைந்தாடிச் சுழன்றது. ஆரம்ப ஆண்டுகளில் வந்த 1.6 லிட்டர் இன்ஜின்களில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டையானது. வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைவாக இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும்போது அங்குள்ள போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் முடுக்காமல் விட்டால், சுழலும் பாகங்களை ஷாஃப்டோடு பூட்டும் சாவித் துண்டு உட்காரும் பள்ளம் தேய்ந்து, புல்லி ஆடத் தொடங்கி, இன்ஜினின் டைமிங்கே விலகிவிடும். புல்லியின் நடுப்பகுதியில் நான்கு பிளவுகள் இருந்தால் குட்டை முனை, எட்டு இருந்தால் பின்னர் வந்த நீண்ட முனை. இன்ஜினை நிறுத்தியபின் எண்ணிப் பார்த்தேன், நான்கு. குட்டை முனை இருப்பதாலேயே ஒரு காரை ஒதுக்க வேண்டியதில்லை, நன்றாகப் பராமரித்தவை இன்றும் ஓடுகின்றன. ஆடும் புல்லியை வாங்குவது வேறு விஷயம். கிராங்க் ஷாஃப்டை மாற்ற இன்ஜினையே இறக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது கார் கிடைக்க மேலும் 8 மாதங்கள் ஆயின. அடர் நீலம், பெயிண்ட் பல இடங்களில் மங்கியிருந்தது, ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. வைத்திருந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. அவர் காரைக் காட்டும் முன்பே ஒரு தடித்த கோப்பை மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு ஆயில் மாற்றமும், ஒவ்வொரு பிரேக் பேடும், தேதியோடும் கிலோமீட்டரோடும் அவர் கையெழுத்திலேயே இருந்தன. "எனக்கு முழங்கால் வலி, ஏறி இறங்க முடியவில்லை. இல்லையென்றால் விற்க மாட்டேன்" என்றார். புல்லியில் எட்டுப் பிளவுகள். காந்தம் நான்கு பக்கமும் உறுதியாகப் பிடித்தது. காரை ஜாக்கியில் தூக்கி அடியில் பார்த்தபோது மேலோட்டமான துரு இருந்தது, ஓட்டை இல்லை. காலை நேரம் என்பதால் இரண்டாம் கியர் சற்று முரண்டு பிடித்தது. கியர் ஆயில் சூடேறியதும் சரியானது. குறைகளை அவரே சொன்னார். டைமிங் பெல்ட் மாற்றும் தவணை வந்துவிட்டது, கூரையின் பிளாஸ்டிக் ஜன்னல் மங்கிவிட்டது, இடது விளக்கு சில நாள் மேலே வர மறுக்கிறது. விலையில் நான் பேரம் பேசவே இல்லை. அந்தக் கோப்புக்கு அது நியாயமான விலை.

பெயர் மாற்றம், காப்பீடு ஆகியவை வழக்கமான காகித வேலைகள்தாம். சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆவணத்தோடு நம் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்த காரை முதல் மூன்று வாரங்கள் நான் ஓட்டவில்லை. இது பலருக்கு வியப்பாக இருந்தது. டைமிங் பெல்ட் 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியது. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது என்பது பெரிய ஆறுதல்தான். ஆனாலும் நடுவழியில் நிற்பது நிற்பதுதானே. பெல்ட்டோடு வாட்டர் பம்ப்பையும், முன்புற ஆயில் சீல்களையும், எல்லா ரப்பர் ஹோஸ்களையும் ஒரே முறையாக மாற்றினோம். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பாக மாறியிருந்தது. அந்த நிறமாற்றம் பிளாஸ்டிக் நொறுங்கப்போகிறது என்பதற்கு அடையாளம் என்பதால் அதையும் மாற்றினோம். கியர் லிவரின் அடியில் இருந்த ரப்பர் உறை கிழிந்திருந்தது. கால் பக்கம் ஏன் இவ்வளவு சூடு வருகிறது என்ற கேள்விக்கு அதுவே விடை. புதிய உறை போட்டு, லிவர் உட்காரும் குழியில் இருந்த பழைய ஆயிலை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றியதும், விரல்களால் தள்ளினாலே கியர் விழும் அளவுக்கு லிவர் இலகுவானது.

வடிகால் வேலையை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் நானே செய்தேன். இருக்கைகளை முன்னால் தள்ளிவிட்டு, பின்னால் இருந்த கம்பளத்தை விலக்கி, வலப்புறத் துளையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினேன். சக்கரத்துக்கு முன்னால் உடனே கொட்டியது. இடப்புறத்தில் ஊற்றியது அப்படியே நின்றது. கம்பியை விட்டால் குழாய் கிழிந்துவிடும் என்பதால், புல் வெட்டும் இயந்திரத்தில் போடும் தடித்த நைலான் நரம்பை மெல்ல உள்ளே விட்டுத் திருப்பினேன். முதலில் கறுப்பான சேறு, பிறகு மக்கிய இலை நரம்புகள், கடைசியில் ஒரு பைன் மர ஊசி இலைக் கொத்து. அதன்பின் ஊற்றிய தண்ணீர் வலப்புறத்தைப் போலவே கொட்டியது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் வரும் முன்பே எழுந்து, பின்புற ஜன்னலின் ஜிப்பைத் திறந்து படுக்க வைத்துவிட்டு (இதைச் செய்யாமல் கூரையை மடக்கினால் பிளாஸ்டிக் மடிந்து வெடித்துவிடும்), கூரையை மடக்கினேன். இடது விளக்கு எழவில்லை. அதற்காகவே மோட்டாரின் தலையில் ஒரு கைத்திருகு இருக்கிறது. பானட்டைத் திறந்து, ரப்பர் மூடியைக் கழற்றி, விளக்கு முழுதாக மேலே வரும்வரை சுற்றினேன். வளைவுகள் நிறைந்த ஒரு வெறிச்சோடிய சாலையில் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றியபோது ஸ்பீடோமீட்டர் 60-ஐத்தான் காட்டியது. ஆனால் முன்சக்கரம் ஒரு சிறு கல்லின்மேல் ஏறியதைக்கூட ஸ்டீயரிங் என் உள்ளங்கைக்குச் சொன்னது. வளைவில் திருப்பியதும் கார் யோசிக்காமல் திரும்பியது. 27 ஆண்டுகளாக இப்படி இருக்கும் என்று மனத்தில் கற்பனை செய்து வைத்திருந்தேன். கற்பனையில் இன்ஜினின் ஒலி இருந்தது, காற்று இருந்தது, ஆனால் இந்த உள்ளங்கைச் செய்தி இருந்ததில்லை. சாலையோரத்தில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, சில நிமிடங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றே அந்த ஆசிரியையைத் தொலைபேசியில் அழைத்து, கார் நன்றாக ஓடுகிறது என்று சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் அமைதி. பிறகு, "கோப்பில் எழுதிக்கொண்டே வாருங்கள்" என்றார்.

எழுதிக்கொண்டுதான் வருகிறேன். கடந்த வாரம் இரவு முழுவதும் மழை பெய்தது. விடிந்ததும் டார்ச்சோடு போய், இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுக் கம்பளத்தை அழுத்திப் பார்த்தேன். காய்ந்திருந்தது. குனிந்து பார்த்தபோது, இரு பின்சக்கரங்களுக்கும் முன்னால் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.