மாற்று மூட்டில் கிருமித்தொற்று: இரண்டு கட்ட அறுவையும் வெள்ளிப் பூச்சும்

மாற்றி வைத்த முழங்கால் மூட்டில் கிருமித்தொற்று இருப்பது உறுதியானபோது, சில வார ஊசிமருந்தில் அது அடங்கிவிடும் என்றே எதிர்பார்த்தேன். ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு தம்மைச் சுற்றிப் பிசுபிசுப்பான உயிர்ப்படலத்தை உருவாக்கிவிட்டால், அவற்றை அழிக்க வழக்கத்தைப்போல் ஆயிரம் மடங்கு வரைகூட மருந்து தேவைப்படலாம் என்றும், அவ்வளவை உடல் தாங்காது என்றும் அறுவை மருத்துவர் விளக்கினார். முதன்முறை மூட்டு மாற்றிக்கொள்வோரில் நூற்றுக்கு ஓரிருவருக்கே இது வருகிறதாம். வந்தவருக்கு அந்தக் கணக்கால் என்ன பயன்?

முதல் கட்டத்தில் பழைய மூட்டை அகற்றிவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமென்டில் செய்த தற்காலிக மூட்டைப் பொருத்தினார்கள். அதிலிருந்து மருந்து மெல்லக் கசிந்து அந்த இடத்திலேயே வேலை செய்யும். கூடவே வாரக்கணக்கில் டிரிப்ஸ் வழியாகவும் மருந்து ஏறியது. மிகக் கடினமான காலம் அதுதான். கால் சரியாக மடங்காததால், கட்டிலை விட்டு எழவே வாக்கரை அருகில் இழுத்து, நல்ல காலை ஊன்றி, மற்றதை நீட்டியபடியே எழ வேண்டியிருந்தது.

எலும்பு நிறையக் கரைந்திருந்ததால், இரண்டாம் கட்டத்துக்கு வெள்ளிப் பூச்சுள்ள பெரிய வகை மூட்டைப் பரிந்துரைத்தார்கள். வெள்ளி அயனிகள் கிருமியின் மேலுறையையும் நொதிகளையும் சிதைப்பதால், உடலின் திசு உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் முன் கிருமி அங்கே குடியேறுவது கடினமாகிறது. ஆனால் உரசி அசையும் பரப்புகளில் இந்தப் பூச்சு இருக்காது. ஏற்கெனவே முற்றிய தொற்றை இது குணப்படுத்துவதும் இல்லை. இதை மருத்துவர் ஒளிக்காமல் சொன்னதால்தான் நம்பிச் சம்மதித்தேன்.

பூச்சைப் பற்றிப் பேசியதைவிட முன்தயாரிப்பைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்; அது நியாயம் என்றே நினைக்கிறேன். சர்க்கரை அளவு கட்டுக்குள் வரும்வரை தேதி கொடுக்கவில்லை. மூக்கில் சளி மாதிரி எடுத்துப் பார்த்து, கிருமி இருந்ததால் முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பை மூக்கினுள் தடவச் சொன்னார்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலால் குளிக்க வேண்டும், காலில் சவரம் செய்யவே கூடாது என்றார்கள். சவரக் கத்தியின் நுண்கீறல்களே கிருமிக்கு வாசலாகிவிடுமாம். அறுவைக் கத்தி படுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் தடுப்பு ஆன்டிபயாடிக் ஏற்றப்பட்டது.

இப்போது ரத்தத்தில், உடலில் அழற்சி இருந்தால் கூடும் புரதமான சிஆர்பியின் அளவை அவ்வப்போது பார்க்கிறார்கள். வீக்கமோ கசிவோ தெரிந்தால், மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காமல் நேரே வரச் சொல்லியிருக்கிறார்கள். முன்பே மருந்து உள்ளே போயிருந்தால், மூட்டு நீரைப் பரிசோதிக்கும்போது கிருமி பிடிபடாமல் போகலாம்.