கூடாரத்துக்குள் முறுமுறுப்பு

குறை சொல்வதை நெடுநாள் நான் ஒரு பாவமாக எண்ணியதே இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்வதில் என்ன தவறு என்பது என் வாதமாக இருந்தது. மேலாளரின் முடிவு முதல் நீண்டுபோகும் பிரசங்கம் வரை எதைப் பற்றியும் என்னிடம் ஒரு குறை தயாராக இருக்கும். உபவாச நாளில் உணவைத் தவிர்த்துவிட்டு, அந்தப் பசியைப் பற்றியும் நாள் முழுவதும் முறுமுறுத்திருக்கிறேன்.

வேதாகமத்தில் எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை ஒரு நாள் நிதானமாக வாசித்தபோதுதான் முதன்முதலாக உறுத்தியது. வனாந்தரத்தில் தேவன் தரும் உணவாகிய மன்னா நாள்தோறும் கிடைத்துக்கொண்டிருக்க, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேல் ஜனங்கள் எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெண்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். அங்கே மீனைக் கிரயமில்லாமல் சாப்பிட்டதாகச் சொல்கிறவர்களுக்கு, அடிமைகளாகச் செங்கல் அறுத்த காலம் நினைவுக்கு வரவில்லை. நானும் என் பழைய வேலையைப் பற்றி இப்போது பெருமையாகப் பேசுகிறேன். அங்கே இருந்தபோது அதைப் பற்றிப் புலம்பாத வாரம் இல்லை.

ஆனால் என்னை நிறுத்தியது உபாகமம் 1ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு சிறு குறிப்பு: அதே ஜனங்கள் தங்கள் கூடாரங்களில் முறுமுறுத்தார்கள். கர்த்தர் தங்களை வெறுக்கிறார் என்று, அவரிடம் கேட்காமலேயே, தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டார்கள். சங்கீதக்காரனும் குறைவாகப் புலம்பவில்லை. 13ஆம் சங்கீதம் 'எதுவரைக்கும்' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது, 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. ஆயினும் அந்தப் புலம்பல் தேவனை நோக்கிப் பேசுகிறது. 'அவருக்கு முன்பாக என் சஞ்சலத்தை ஊற்றுகிறேன்' என்கிறது 142ஆம் சங்கீதம். என் புலம்பலோ, கேட்டுத் தலையாட்டுகிறவர்களிடம் மட்டுமே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

நன்றி சொல்லிப் பழகினால் முறுமுறுப்பு தானாகப் போய்விடும் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு அது போகவில்லை. நன்றிப் பட்டியலைச் சலிப்போடு எழுதி முடித்துவிட்டு மறுபடியும் முறுமுறுக்கத் தொடங்கினேன்.

உதவியாக அமைந்தது, நான் வளர்ந்த சபை மரபில் இல்லாத ஒரு பழைய பயிற்சி. 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவியர் அமைப்பை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலில், ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு அதைக் கவனிக்கும் முறையைச் சொல்லித் தருகிறார். அந்தக் குறையில் விழும் ஒவ்வொரு முறையும் கையை நெஞ்சில் வைக்க வேண்டும். பலர் நடுவில் இருந்தாலும் பிறர் கவனிக்காதபடி இதைச் செய்யலாம் என்கிறார். பிறகு மதிய உணவுக்குப் பின் ஒரு முறை, இரவு உணவுக்குப் பின் ஒரு முறை, விழுந்த எண்ணிக்கையைக் கோட்டின்மேல் புள்ளிகளாக இட வேண்டும். முதல் நாள் மதியத்துக்குள் எனக்கு 11 புள்ளிகள். எண்ணிக்கையைவிட அதிகம் வெட்கப்பட வைத்தது வேறொன்று: அவற்றில் பெரும்பாலானவை என்னைச் சற்றும் பாதிக்காத காரியங்கள். பேச்சைத் தொடங்க ஒரு வழியாகவே குறை சொல்லியிருக்கிறேன். அதை விட்டபோது, நெடுநாள் நண்பர் ஒருவரோடு பேச எதுவுமே இல்லாமல் சங்கடமாக உட்கார்ந்திருந்தேன்.

எல்லாக் குறையையும் விழுங்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. துறவு மடங்களுக்கு ஒழுங்குமுறை எழுதி, துறவிகளின் முறுமுறுப்பைக் கடுமையாகக் கண்டித்த 6ஆம் நூற்றாண்டின் பெனடிக்ட் கூட, பந்தி பரிமாறுகிறவர்கள் முறுமுறுக்காமல் வேலை செய்யும்படி அவர்களுக்கு முன்கூட்டியே சிறிது அப்பமும் பானமும் கொடுக்கச் சொல்கிறார். நியாயமான குறையை, அதைச் சரிசெய்யக் கூடியவரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். நான் இப்போது அப்படிச் சொல்லப் பார்க்கிறேன்; அதற்குத் துணிவு அதிகம் தேவைப்படுகிறது, ஆகவே எண்ணிக்கையும் குறைந்துவிடுகிறது.

மீதியை இரவு ஜெபத்தில் சொல்கிறேன், அலங்காரமில்லாமல், பெயர் சொல்லியே. பாதியில் சில குறைகள் சொல்லத் தகுதியற்றவையாகத் தோன்றி நின்றுவிடுகின்றன. சில நிற்பதில்லை, அவை மறுநாள் இரவும் வருகின்றன. நேற்று மதியம் 4 புள்ளிகள், இரவு 6.