காட்பாடி வீட்டில் புழுப்பாம்புக்கு இடம் போட்டது

பூச்சி தின்னும் பாம்பு வளர்க்கணும் என்று ரொம்ப நாள் ஆசை. அமெரிக்காவில் ரஃப் கிரீன் ஸ்நேக் என்று பச்சையாக, ஒல்லியாக ஒன்று வளர்க்கிறார்கள். சில்வண்டு, சிலந்தி, மொழுமொழு புழுக்கள்தான் அதற்குச் சாப்பாடு. இலையில் தெளித்த தண்ணீரைக் குடிக்கும். இங்கே நம்மூர்ப் பாம்பைப் பிடித்து வளர்க்க 1972 வனவிலங்குச் சட்டம் விடாது. விடாததும் நல்லதுதான். நம்மூரில் எறும்பும் கரையானும் தின்பது, மண்ணுக்குள் இருக்கும் குட்டியூண்டு புழுப்பாம்பு. அதுவாக வந்தால் தங்கட்டும் என்று தோட்டத்து மூலையில் வேலையை ஆரம்பித்தேன்.

தை: மக்கிய தென்னை மட்டை, சருகு, நார்த்தூள் எல்லாம் பரப்பி, உடைந்த மண்தொட்டிகளைக் கவிழ்த்தேன். கரையான் ஏற, நனைத்த அட்டைப்பெட்டி. அம்மாவுக்குத் தாங்கவில்லை: "ஊரே மருந்து அடிக்குது, நீ கரையானுக்குச் சோறு போடுறியா?" கதவுநிலையை அடிக்கடி தட்டிப் பார்ப்பதாக ஒப்பந்தம்.

சித்திரை: வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. கரையான் அடிமண்ணுக்கு இறங்கிவிட்டது. சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர், மேலே ஈரச்சாக்கு. வேறு விசேஷம் இல்லை.

ஆவணி: இரவு மழைக்குப் பிறகு தொட்டியை மண்வெட்டியால் புரட்டினேன் (கை வைப்பதில்லை, நம் பக்கத்துக் கல்லாங்காட்டில் சுருட்டை விரியன் உண்டு). மண்புழு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உடம்பில் வளையம் இல்லை, பிசுபிசுப்பு இல்லை, கறுத்த பளபளப்பு. சுருங்கி நீளாமல் நெளிந்து ஓடியது. நாக்கு நீட்டியதும் சந்தேகம் தீர்ந்தது. ஒரு ஜாண்கூட வராது; கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கரும்புள்ளி. வால் நுனி முள் கொட்டாது, விஷமும் கிடையாது. காதுக்குள் பூந்துடும் என்று எதிர்வீட்டு அத்தை சொல்வது வெறும் பயம்.

இந்த இனத்தில் ஆணே இல்லை. எல்லாம் பெண், சேர்க்கை இல்லாமலே முட்டையிடும். ஒன்று வந்தாலே போதும். தொட்டி மண்ணோடு கப்பலேறி உலகம் சுற்றியதும் இப்படித்தான். எறும்பின் முட்டை, புழு, கூட்டுப்புழு, அப்புறம் கரையான், இவைதான் தீனி. சில சமயம் கரையானின் தலையைத் தேய்த்துக் கழற்றிவிட்டு உடலை மட்டும் விழுங்குவதை 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஐப்பசி: நூல் மாதிரி இரண்டு மூன்று குட்டிகள். முன்பு பார்த்ததன் வாரிசா, வேறெங்கிருந்தோ வந்தவையா, தெரியாது. மழையில் மூலை சொதசொதவென்று இருப்பதால் ஒரு பக்கம் மேடு கட்ட வேண்டும். அத்தை வீட்டுக் குளியலறைச் சாக்கடையில் ஏறிய ஒன்றுக்கு உப்புப் போடப் போனார்கள். முறத்தில் ஏந்தி அவர்கள் தோட்டத்து ஈரமண்ணிலேயே விட்டாயிற்று.